சோழமண்டலத் துணியும் 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கலையும்: ஆர்.கே.பேட்டை வட்டார நெசவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை வட்டாரத்து நெசவாளர் குடும்பங்களுக்கும், அந்த வீடுகளிலிருந்து ஓவியமும் ஜவுளி வடிவமைப்பும் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும்:

ஐரோப்பாவின் 18ஆம் நூற்றாண்டுக் கலை மூன்று பெரிய திருப்பங்களைக் கண்டது. முதல் பாதியில் கொடியும் வளைவுமாக ஓடிய ரொக்கோகோ பாணி கோலோச்சியது. 1750ஐ ஒட்டிப் பழைய ரோமையும் கிரேக்கத்தையும் முன்மாதிரியாகக் கொண்ட புதுச்செவ்வியல் தலைதூக்கியது. நூற்றாண்டின் பிற்பகுதியில் மலை, அருவி, பாழடைந்த கட்டடம், மனித மனத்தின் அச்சம் இவற்றைத் தேடிப் போன ரொமான்டிக் போக்கு முளைவிட்டது. பாடநூல்கள் இவற்றை ஓவியர்களின் பெயராலும் அரசர்களின் பெயராலும் வரிசைப்படுத்துகின்றன. அந்த வரிசையில் துணி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. இந்தப் பாணிகள் வளர்ந்த வீடுகளில் திரையாகவும் படுக்கை விரிப்பாகவும் உடம்பில் உடையாகவும் இருந்தவற்றில் இந்தியப் பருத்திக்குப் பெரும் பங்கு உண்டு. அதில் சாயம் போகாத வண்ணத் துணிக்குப் பேர்போன இடம் சோழமண்டலக் கரை. அந்தக் கரையில் ஐரோப்பியர் முதலில் கால் ஊன்றிய துறைகளில் ஒன்றான பழவேற்காடு இன்று திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பது ஆர்.கே.பேட்டை.

துறைமுகமும் தறிப்பேட்டையும்

டச்சுக் கம்பெனி பழவேற்காட்டில் 1610இல் பண்டகசாலை திறந்து, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் அதுதான். ஆங்கிலேயர் 1639இல் மதராசிலும் பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியிலும் குடியேறினார்கள். மூன்று கம்பெனிகளுக்கும் முதல் தேவை துணி. கீழை நாடுகளில் மிளகும் கிராம்பும் வாங்கவும், ஐரோப்பாவில் விற்கவும், ஆப்பிரிக்கக் கரையில் மாற்றிக்கொள்ளவும் இந்தக் கரையின் துணியே பணம் போலப் புழங்கியது.

நெசவாளர்களைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே குடியமர்த்துவது கம்பெனிக்கு வசதி. 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரில் திருவொற்றியூர்ப் பக்கம் உருவான நெசவாளர் குடியிருப்புதான் இன்றைய காலடிப்பேட்டை. 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் ஆறு வளையும் இடத்தில் வணிகர் சுங்குராமனின் தோட்டமாக இருந்த நிலத்தில் சிந்தாதிரிப்பேட்டை எழுந்தது. நூற்பவர், நெய்பவர், வெளுப்பவர், துணியில் சித்திரம் எழுதுபவர் என்று ஒரு துணிக்கு வேண்டிய கைகள் அத்தனையும் அங்கே ஒன்றாகக் குடிவைக்கப்பட்டன. வணிகர் வழியாக முன்பணம் கொடுத்துத் துணியைப் பேசி வைப்பதும், பண்டகசாலையில் தரம் பிரித்துக் குறையைக் காட்டி விலையைக் குறைப்பதும் அக்கால வழக்கம்.

கப்பலேறிய துணியில் மூன்று வகை முக்கியமானது. ஒன்று, வெள்ளையாகவோ அவுரியில் தோய்த்த நீலமாகவோ போன சாதாரணத் துணி. இரண்டாவது, சாயமிட்ட நூலைப் பாவிலும் ஊடையிலும் மாற்றி மாற்றி ஓட்டி நெய்த கட்டத் துணி. மூன்றாவது, நெய்து முடித்த துணியில் கலம் என்னும் மூங்கில் எழுதுகோலால் வரைந்து சாயமேற்றிய சீட்டி. ஐரோப்பியக் கலையை நேரடியாகத் தொட்டது மூன்றாவது வகை. இரண்டாவது வகையின் கதை வேறு கடல் வழியே போகிறது.

சீட்டி உருவான விதம்

ஐரோப்பாவில் கம்பளிக்கும் பட்டுக்கும் நல்ல சாயம் ஏற்றத் தெரிந்தவர்கள் உண்டு. பருத்தியில் வண்ணம் நிற்க வைப்பதும், வண்ணத்தைக் கோட்டுக்குள் அடக்கி வைப்பதும் அவர்களுக்கு வசப்படவில்லை. சோழமண்டலச் சீட்டியின் மதிப்பு அங்கேதான் இருந்தது.

முதலில் துணியைப் பாதி வெளுத்து, எருமைப்பாலில் கடுக்காய்ச் சாறு கலந்து ஊறவைத்து, காயவைத்து, கட்டையால் அடித்து வழவழப்பாக்குவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்து வைக்கும். பாலின் கொழுப்பு, எழுதும் திரவம் கோட்டைத் தாண்டிப் பரவாமல் தடுக்கும். ஊசியால் துளையிட்ட தாளைத் துணிமேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் வரைபடம் புள்ளிகளாக இறங்கும். அதன்மேல் இரும்புத் துரு ஊறிய புளித்த நீரால் கறுப்புக் கோடும், படிகார நீரால் சிவப்பு வரவேண்டிய இடங்களும் எழுதப்படும். பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்கும் அண்டாவில் துணி இறங்கும். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஏறி நிற்கும். மற்ற இடத்தில் ஒட்டியது சாணநீரிலும் வெயிலிலும் வெளுத்துப் போகும்.

நீலத்துக்கு வழி நேர் எதிரானது. நீலம் வேண்டாத இடம் முழுவதையும் மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் தோய்ப்பார்கள். வெந்நீரில் மெழுகு உருகிப் போனதும் நீலப் பூ வெளிப்படும். பச்சைக்கென்று தனிச் சாயம் கிடையாது. நீலத்தின்மேல் மஞ்சள் பூசினால் பச்சை இலை. அந்த மஞ்சள் காலப்போக்கில் மங்கிவிடும் என்பதால், அருங்காட்சியகங்களில் இன்று இருக்கும் பழைய சீட்டிகள் பலவற்றில் இலைகள் நீலமாகத் தெரிகின்றன.

இந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ள ஐரோப்பா வெகுவாக முயன்றது. பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி போலியூ 1734ஐ ஒட்டிப் புதுச்சேரியில் ஒரு சீட்டி உருவாவதைப் பக்கத்தில் இருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் குறிப்போடு பாரிசுக்கு அனுப்பினார். அந்தத் துண்டுகள் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. இயேசு சபைத் துறவி கேர்தூ, கிறித்தவராக மாறிய சாயத் தொழிலாளர்களிடம் கேட்டறிந்ததை 1742இலும் 1747இலும் கடிதங்களாக எழுதினார். அவை அச்சாகி ஐரோப்பியப் பட்டறைகளில் பாடமாயின. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த கைப்பக்குவம் இப்படித்தான் தாளில் ஏறி வெளியே போனது.

ரொக்கோகோவும் கொடிப்பூவும்

1715இல் பிரான்சின் பதினான்காம் லூயி இறந்தபின் வெர்சாய் அரண்மனையின் கனத்த, கம்பீரமான அலங்காரம் சலித்துப் போனது. பிரபுக்கள் பாரிசின் மாளிகைகளுக்குத் திரும்பினார்கள். பெரிய மண்டபங்களுக்குப் பதில் பேசிப் பொழுதுபோக்கும் சிறிய அறைகள் வந்தன. அந்த அறைகளுக்கு ஏற்ற பாணியாக எழுந்தது ரொக்கோகோ. கிளிஞ்சல் வடிவம், சுருண்டு ஓடும் கொடி, இரு பக்கமும் ஒத்துப்போகாத வளைவு, வெளிர் நீலம், ரோஜா, தங்கம் ஆகியவை அதன் அடையாளங்கள்.

ஓவியத்தில் இதற்கு வழி திறந்தவர் வாத்தோ. காதலர் கூட்டம் ஒன்று வீனஸ் தெய்வத்தின் தீவுப் பயணத்தில் இருப்பதைக் காட்டும் அவருடைய 1717ஆம் ஆண்டுப் படம் இன்று லூவரில் இருக்கிறது. அடுத்து வந்த பூஷே, பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் தெ பொம்பதூரின் ஆதரவில் ஆயர் குலக் காதலையும் கற்பனைச் சீனக் காட்சிகளையும் தீட்டினார். ஃபிராகொனாரின் 1767ஆம் ஆண்டு ‘ஊஞ்சல்’ இந்தப் பாணியின் கடைசிப் பெரும் படைப்புகளில் ஒன்று. ஜெர்மனியில் மியூனிக் அருகே உள்ள அமாலியன்பர்க் மாளிகையும் வியூர்ட்ஸ்பர்க் அரண்மனையில் தியேப்போலோ தீட்டிய விதான ஓவியமும் இதே போக்கின் உச்சங்கள். இங்கிலாந்தில் ஓவியர் ஹோகார்த் 1753இல் எழுதிய நூலில், பாம்பு போல் நெளியும் கோடே அழகின் அடிப்படை என்று வாதிட்டார்.

ரொக்கோகோவில் சுவர், கண்ணாடி, நாற்காலி, திரை, பெண்களின் உடை எல்லாம் ஒரே அலங்காரத்தின் பகுதிகள். அதனால் ஒரு துணி வகையால் அந்தப் பாணியோடு இவ்வளவு நெருங்க முடிந்தது. சோழமண்டலச் சீட்டியில் வெள்ளைப் பின்னணி மேல் நெளிந்தேறும் தண்டும், எந்தச் செடியிலும் காணாத கற்பனைப் பூக்களும் இருந்தன. இத்தகைய துணி 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே கப்பல் கப்பலாக ஐரோப்பா போய்ச் சேர்ந்துவிட்டது. ரொக்கோகோவின் வேர்கள் பல: சீனப் பீங்கான், சப்பானிய அரக்குப் பலகை, இத்தாலியச் சுவரலங்காரம். வெள்ளைமேல் படரும் கொடியை வீட்டுக்குள் பார்த்துப் பழகிய கண்ணும் அவற்றோடு சேர வேண்டியது.

கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடந்தது. சிவப்புப் பின்னணியைக் குறைத்து வெள்ளையைக் கூட்டும்படி 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே லண்டனிலிருந்து கம்பெனி இயக்குநர்கள் கேட்டு எழுதினார்கள். மாதிரிப் படங்களும் அனுப்பினார்கள். கம்பெனிக் கணக்குகளில் பாலம்போர் என்று வரும் பெரிய படுக்கை விரிப்பின் நடுவில் பாறைமேல் எழும் பூமரம் இருக்கும். அதில் சீன, பாரசீக, ஆங்கிலச் சாயல்கள் உள்ளூர்க் கையெழுத்தில் ஒன்றாகின. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே கைகள் ரிப்பன் முடிச்சும் பூங்கொத்தும் சரிகைப் பின்னல் போன்ற கரையும் எழுதின. பாரிசில் பிறந்த ரொக்கோகோ சோழமண்டலத்துச் சித்திரக்காரரின் கலத்தில் மறுபடியும் பிறந்தது.

தடையும் கலகமும் நகலும்

சீட்டியின் மவுசு உள்ளூர் நெசவாளர்களை உலுக்கியது. பிரான்ஸ் 1686இல் இந்தியச் சீட்டியையும் அதன் நகலையும் தடைசெய்தது. அந்தத் தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தில் 1700ஆம் ஆண்டுச் சட்டம் வண்ணமிட்ட இந்தியத் துணியை உள்நாட்டில் விற்பதைத் தடுத்தது. தரையிலும் படுக்கையிலும் கிடந்த துணி சீமாட்டிகளின் உடம்பில் ஏறிவிட்டது என்று எழுத்தாளர் டேனியல் டீஃபோ 1708இல் பொருமினார். 1719இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் தெருவில் இறங்கி, சீட்டி உடுத்திய பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள், மையை ஊற்றினார்கள். 1721இல் வண்ணமிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடுக்கும் சட்டம் வந்தது. ஒரு கரையின் தறிக்காரர் வயிற்றுப்பாடு இன்னொரு கரையின் தறிக்காரர் வயிற்றுப்பாட்டோடு மோதிய நேரம் அது. லாபம் மட்டும் எப்போதும் கம்பெனியிடமே தங்கியது.

தடை ஆசையை அடக்கவில்லை. பொம்பதூர் தம் பெல்வியூ மாளிகையில் தடைசெய்யப்பட்ட இந்தியத் துணியைத் தாராளமாகப் பயன்படுத்தினார். 1775இல் லண்டனின் புகழ்பெற்ற நாடக நடிகர் டேவிட் காரிக்கின் வீட்டுக் கட்டிலுக்கு வந்திருந்த மசூலிப்பட்டினத்துச் சீட்டித் திரைகளைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். அந்தக் கட்டிலும் திரையும் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒன்றாகக் காட்சிக்கு இருக்கின்றன.

தடை நீங்கிய கையோடு, 1760இல், ஒபர்காம்ஃப் என்பவர் வெர்சாய்க்குப் பக்கத்தில் உள்ள ழுய் கிராமத்தில் அச்சுத் துணி ஆலை தொடங்கினார். தொடக்கத்தில் மரக்கட்டை அச்சால் இந்தியப் பூக்களை நகலெடுத்தார்கள். அயர்லாந்தில் பிரான்சிஸ் நிக்சன் 1752இல் செம்புத் தகட்டால் துணியில் அச்சிடும் முறையைக் கொண்டுவந்திருந்தார். 1770இல் ழுய் ஆலையும் அதை எடுத்துக்கொண்டது. அதன்பின் வெள்ளைத் துணியில் ஒரே நிறத்தில் ஆயர்களும் ஆடுகளும் கிராமத் திருவிழாக்களும் அச்சாயின. 1783இல் ழுயில் சேர்ந்த ஓவியர் உவே, அந்த ஆலையின் வேலைகளையே ஒரு துணிச் சித்திரமாக வரைந்தார். வெளுத்தல், அச்சிடல், சாயமேற்றல், புல்வெளியில் உலர்த்தல் என்று கட்டம் கட்டமாக அதில் தெரிகின்றன. போலியூவும் கேர்தூவும் எழுதி அனுப்பிய வேலை வரிசையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

புதுச்செவ்வியலும் வெள்ளை மஸ்லினும்

எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய ஊர்களில் ஹெர்குலேனியத்தை 1738 முதலும் பாம்பேயியை 1748 முதலும் தோண்டத் தொடங்கினார்கள். வீடும் சுவரோவியமும் பாத்திரமும் அப்படியே வெளிவந்தபோது பழமையின் மேல் ஐரோப்பாவுக்குப் புது வெறி பிறந்தது. ஜெர்மன் அறிஞர் விங்கல்மன் 1755இல் கிரேக்கக் கலையைப் பின்பற்றச் சொல்லி ஒரு சிறு நூலும், 1764இல் பழங்கலையின் வரலாறும் எழுதினார். ஸ்டூவர்ட்டும் ரெவெட்டும் ஏதென்சுக் கட்டடங்களை அளந்து வரைந்த நூலின் முதல் தொகுதி 1762இல் வந்தது. கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் அந்த அழகை ஆங்கிலேயப் பிரபுக்களின் வீடுகளுக்குள் கொண்டுவந்தார். அரசவை ஆடம்பரத்தின் மேல் எழுந்த வெறுப்பும் சேர்ந்துகொள்ள, ரொக்கோகோவின் நெளிவு அற்பமாகத் தோன்ற ஆரம்பித்தது. நேர்க்கோடு, தூண், அடக்கம், குடிமைக் கடமை ஆகியவை அதன் இடத்தைப் பிடித்தன. பிரெஞ்சு ஓவியர் தாவீத் ரோமில் தீட்டி 1785இல் பாரிசில் காட்சிக்கு வைத்த ‘ஹொரேஷியர்களின் சபதம்’ இந்தப் பாணியின் கொடியாகவே ஆனது.

உடையில் இந்தத் திருப்பத்தைச் சாத்தியமாக்கியது இந்திய மஸ்லின், குறிப்பாக வங்காளத்தின் மெல்லிய வெள்ளைத் துணி. பளிங்குச் சிலையின் மேல் விழும் மடிப்பைப் பட்டால் காட்ட முடியாது, மஸ்லினால் முடியும். விஜே லெ பிரன் என்ற பெண் ஓவியர் 1783இல் அரசி மரி அந்துவானெத்தை எளிய வெள்ளை மஸ்லின் உடையில் தீட்டிக் காட்சிக்கு வைத்தபோது பாரிசில் கூச்சல் எழுந்தது. அரசி உள்ளாடையில் நிற்பது போல இருக்கிறது என்றார்கள் சிலர். பிரெஞ்சுப் பட்டை விட்டு அந்நியத் துணியை உடுத்திவிட்டார் என்றார்கள் வேறு சிலர். அந்தப் படத்தை எடுத்துவிட்டு, அரசி பட்டாடை அணிந்து அதே ரோஜாவை ஏந்தியிருக்கும் இன்னொரு படத்தை ஓவியர் வைக்க வேண்டியதாயிற்று. சுமார் பத்தாண்டில் புரட்சி வந்து, அரசி தலை இழந்து, வெள்ளை மஸ்லின் புதிய காலத்தின் உடையாகவே நிலைத்துவிட்டது. தாவீத் 1800இல் தீட்டிய மதாம் ரெகாமியே படத்தில் இருப்பதும் அத்தகைய வெள்ளை உடைதான்.

ழுய் ஆலையின் சித்திரங்களும் பாணியோடு மாறின. உவே ஆயர்களை விட்டு, பாம்பேயிச் சுவர்களைப் பார்த்து வட்டப் பதக்கங்களையும் கிரேக்க உருவங்களையும் ஒழுங்கான கட்டங்களுக்குள் அடுக்கினார். ஒரே ஆலையின் துணியை ஆண்டு வரிசையில் விரித்து வைத்தால் இந்தியப் பூ, ரொக்கோகோ ஆயர், புதுச்செவ்வியல் பதக்கம் என்று நூற்றாண்டின் கலைப் போக்கு முழுவதும் கண்முன் வரும்.

மேற்கிந்தியத் தீவுகளில் மதராஸ் கட்டம்

கட்டத் துணி பழவேற்காடு, மதராஸ் என்ற துறைமுகப் பெயர்களிலேயே உலகச் சந்தையில் அறியப்பட்டது. சதுரக் கைக்குட்டைகளாக வெட்டிக்கொள்ளும்படி நெய்த இந்தத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள் வாழ்ந்த கரீபியத் தீவுகளுக்கும் போனது. சோழமண்டல நீலத் துணியும் கட்டத் துணியும் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கப் பயன்பட்ட சரக்குகளில் இடம்பெற்றிருந்தன என்பதும் இந்த வரலாற்றில் சேர்ந்ததே.

ரோமில் பிறந்த ஓவியர் அகோஸ்தினோ புரூனியாஸ், ராபர்ட் ஆடமிடம் புதுச்செவ்வியல் அலங்காரம் வரைந்து பழகியவர். பிறகு ஆங்கில அதிகாரி வில்லியம் யங்கோடு கரீபியத் தீவுகளுக்குப் போய், 1796இல் டொமினிகாவில் இறந்தார். அங்கே அவர் தீட்டிய சந்தைக் காட்சிகளில் கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் கிரேக்கச் சிலையின் நிதானத்தோடு நிற்கிறார்கள். தலையில் உயர்த்திக் கட்டிய துணியில் கோடும் கட்டமும் தெரிகின்றன. உடல் நிற்கும் விதத்தைக் கற்றுக்கொடுத்தது ரோம், தலைத்துணியை அனுப்பியது இந்தக் கரை. மார்த்தினிக், குவாதலூப், டொமினிகா, செயின்ட் லூசியா மக்களின் மரபுடையில் அந்தக் கட்டத் துணி இன்றும் மதராஸ் என்ற பெயரோடு இருக்கிறது. ஆர்.கே.பேட்டை வட்டாரத் தறிகளில் ஓடும் கட்டம் போட்ட லுங்கி அதே குடும்பத்துத் துணி. இரண்டிலும் சாயமிட்ட பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கே வெட்டும்போதுதான் மூன்றாவது நிறம் பிறக்கிறது.

மதராசுக்கு வந்த புதுச்செவ்வியல்

ஐரோப்பியக் கலை இந்தக் கரைக்குத் திரும்பி வந்தது முதலில் உருவப்படமாக. இந்தியாவுக்கு வந்த முதல் தொழில்முறை ஆங்கில உருவப்பட ஓவியர் டில்லி கெட்டில் 1769இல் மதராசில் இறங்கினார். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவை அவர் தீட்டினார். அடுத்து 1774இல் வந்த ஜார்ஜ் வில்லிசனும் நவாபை வரைந்தார். கடன்காரர்களிடமும் கம்பெனியிடமும் சிக்கியிருந்த நவாபுக்கு, லண்டனில் தம் அந்தஸ்தைக் காட்ட இந்தப் படங்கள் உதவின.

கட்டடத்தில் புதுச்செவ்வியலுக்குக் கைகொடுத்தது மதராஸ் சுண்ணாம்பு. கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு, அரைத்து, முட்டை வெண்கருவும் வெல்லமும் போன்றவை சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றினால் செங்கல் தூண்கூடப் பளிங்காய் மின்னும். 1780இல் மதராஸ் வந்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், நீண்ட தூண் வரிசையும் தட்டைக் கூரையுமாக நின்ற வெள்ளை வீடுகளைக் கடலிலிருந்து பார்த்து, அலெக்சாண்டர் காலத்துக் கிரேக்க நகரம் போல் இருப்பதாக எழுதினார்.

அந்தக் காலத்து இரண்டு பெரிய சான்றுகள் சென்னையில் இன்றும் இருக்கின்றன. ஒன்று, தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய, கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் சிலை. 1800இல் மதராஸ் வந்துசேர்ந்து, இப்போது புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பீடத்தின் முகப்பில் 1792இல் திப்பு சுல்தானின் இரண்டு சிறு மகன்களைக் கார்ன்வாலிஸ் பிணையாகப் பெறும் காட்சி புடைப்பாக இருக்கிறது. தோற்றவரின் பிள்ளைகளை வென்றவர் பரிவோடு ஏற்பதாகக் காட்டுவது பழைய ரோமானிய வெற்றிச் சின்னங்களின் மொழி. மைசூர்ப் போருக்கு அது அப்படியே பொருத்தப்பட்டிருக்கிறது.

மற்றொன்று, இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் விருந்து மண்டபம். கம்பெனியின் வானியலாளரும் பொறியாளருமான ஜான் கோல்டிங்ஹாம், கவர்னர் எட்வர்ட் கிளைவுக்காக இதைக் கிரேக்கக் கோயிலின் சாயலில் கட்டினார். 1802இல் திறக்கப்பட்டது. பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டணம் வெற்றிகளின் நினைவாக எழுந்த கட்டடம் இது. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் உடல்கள் மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது அதன் அகன்ற படிக்கட்டில்தான் என்பதால், தமிழ்நாட்டு வீடுகளில் தொலைக்காட்சி வழியே அதிகம் பார்க்கப்பட்ட புதுச்செவ்வியல் கட்டடம் இதுவாகவே இருக்கும்.

தஞ்சாவூரில் இந்தப் பாணியை வரவழைத்தவர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. தம் ஆசானாக இருந்த ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ் 1798இல் இறந்தபின், ஆங்கிலச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிப் பளிங்கு நினைவுச்சின்னம் செய்வித்தார். மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியாரை மன்னர் வந்து பார்ப்பதை அது காட்டுகிறது. தஞ்சாவூர் சுவார்ட்ஸ் தேவாலயத்தில் அதைக் காணலாம்.

மலை, பாழ், போர்: ரொமான்டிக் போக்கின் தொடக்கம்

1757இல் எட்மண்ட் பர்க் எழுதிய நூல், அழகுக்கு அப்பால் அச்சத்தோடு கலந்த பிரமிப்பு ஒன்று உண்டு என்றது. பெருமலை, இருள், புயல், பாழடைந்த கோட்டை ஆகியவை ஓவியத்துக்கு உரியவையாயின. ஃபியூஸ்லி 1781இல் கெட்ட கனவையே தீட்டினார். ஸ்பெயினின் கோயா 1799இல் வெளியிட்ட ‘லோஸ் காப்ரிச்சோஸ்’ செதுக்கோவியங்கள் மூடநம்பிக்கையையும் அதிகாரத்தையும் பேய்க் கனவுகளாக்கிக் காட்டின.

இந்தப் பசிக்கு இந்தியா தீனியானது. கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் ஓவியராகப் போய்வந்த ஹாட்ஜஸ் மதராசில் இறங்கிய அதே ஆண்டில் மைசூரின் ஹைதர் அலி ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதிக்குள் படையோடு இறங்கினார். உள்நாடு சுற்றி வரைய வந்தவர் கிட்டத்தட்ட ஓராண்டு மதராசிலேயே முடங்கி, கிராமத்து மக்கள் மூட்டை முடிச்சோடு நகருக்குள் ஓடிவந்ததைத் தம் பயண நூலில் பதிவு செய்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. அடுத்த செப்டம்பரில் ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்துச் சோளிங்கரில் கம்பெனித் தளபதி அயர் கூட்டின் படை ஹைதரை எதிர்த்து வென்றது. நெசவுக் கிராமங்கள் இந்தப் போரிலும் அதையொட்டிய பஞ்சத்திலும் சிதைந்தன. பொள்ளிலூர் வெற்றியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்ட வைத்தார். ஒரே போரைப் பற்றி இரு தரப்பும் தத்தம் ஓவிய மொழியில் பேசிய காலம் அது.

ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் மதராஸ் வந்து, மைசூர் மலைக்கோட்டைகள், மதுரை, பாபநாசம், இராமேசுவரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்று சுற்றினார்கள். படம் விழும் இருட்டுப் பெட்டியின் உதவியால் அளவு பிசகாமல் வரைந்தார்கள். 1795 முதல் 1808 வரை 144 வண்ண அச்சுப் படங்களாக வெளிவந்த அவர்களின் தொகுப்பில் மதராசின் தூண் மாளிகைகளும் மாமல்லபுரமும் தெற்கின் அருவிகளும் இருக்கின்றன. கட்டடக் கோடுகளில் புதுச்செவ்வியலின் துல்லியமும், வானத்திலும் பாறையிலும் ரொமான்டிக் பிரமிப்பும் ஒரே தாளில் சேர்ந்தன.

உள்ளூர்க் கலைஞர்களும் சும்மா இருக்கவில்லை. நூற்றாண்டின் இறுதியில் தஞ்சாவூரில் முச்சியர் எனப்பட்ட ஓவியர்கள் ஐரோப்பியத் தாளில், நிழலும் ஆழமும் காட்டி, பல்வேறு தொழிலாளரைக் கணவன் மனைவி இணையாக வரைந்து விற்றார்கள். கம்பெனி ஓவியம் எனப்படும் இந்த வரிசைகளில் நெசவாளரும் தம் கருவிகளோடு நிற்கிறார்கள்.

நூற்றாண்டின் முடிவில்

ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரம் 1769இலும், மஸ்லினுக்கு ஏற்ற மெல்லிய நூல் நூற்கும் கிராம்டனின் இயந்திரம் 1779இலும், உருளையால் துணியில் அச்சிடும் பெல்லின் முறை 1783இலும் வந்தன. அதற்குள் சீட்டியின் சூத்திரம் ஐரோப்பாவுக்குத் தெரிந்திருந்தது, வடிவம் பழகியிருந்தது, சந்தையும் தயாராக இருந்தது. அடுத்த நூற்றாண்டில் மான்செஸ்டர் துணி இந்தியாவுக்கே இறக்குமதியானபோது சோழமண்டலச் சீட்டியின் ஏற்றுமதி வாழ்வு முடிந்துபோனது. கலம் பிடிக்கும் கை ஸ்ரீகாளஹஸ்தியிலும் கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கோயில் துணியோடு தப்பிப் பிழைத்தது. நெசவிலேயே வடிவம் பிறக்கும் கட்டத் துணி மட்டும் தறியை விட்டு இறங்கவில்லை.

ஜவுளி வடிவமைப்பு படிக்கும் ஆர்.கே.பேட்டை மாணவர், ரொக்கோகோ முதல் ரொமான்டிக் வரையிலான பாடத்தை இந்த மண்ணிலிருந்தே தொடங்கலாம். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகளையும், கோட்டை அருங்காட்சியகத்தில் கார்ன்வாலிஸ் பீடத்தையும், அண்ணா சாலை அருகே ராஜாஜி மண்டபத்தையும், தஞ்சாவூரில் ஃபிளாக்ஸ்மனின் பளிங்கையும் நேரில் பார்க்க முடியும். கேர்தூ எழுதிவைத்த வேலை வரிசையின் பெரும்பகுதியை ஸ்ரீகாளஹஸ்தியில் இன்றும் கண்ணால் காணலாம். வாத்தோ, தாவீத், கோயா என்ற பெயர்களைப் படிக்கும்போது, அவர்கள் காலத்துத் திரையையும் உடையையும் தலைத்துணியையும் நெய்தவர்கள், எழுதியவர்கள், சாயமிட்டவர்கள் பக்கத்திலிருந்தும் அந்தப் பாடத்தைப் படிக்க இவை போதும்.

இப்படிக்கு,
கலை வரலாற்று வாசகர் ஒருவர்